முதல் எழுத்துகளைத் தின்ற பெட்டி

கடந்த ஆண்டு ஒக்ரோபர் மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுபதுகளில் நான் வேலை செய்த, இப்போது இல்லாத ஒரு கம்பனியின் பழைய ஊழியர்கள் சிலர் சேர்ந்து அதன் வரலாற்றை எழுதுகிறார்களாம். எனக்குத் திகதிப் பைத்தியம் உண்டென்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பந்தியைப் பிரதி எடுத்து அனுப்பி, அதில் உள்ள ஆண்டுகளையும் மாதங்களையும் மட்டும் சரிபார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். அந்தப் பந்தியைத் தமிழில் தருகிறேன்:

“1976 குளிர்காலத்தில் எமது தலைமைப் பொறியியலாளர் கீத் வடிவமைத்த இணைப்புப் பெட்டி சிக்கனத்துக்கும் எளிமைக்கும் நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலம் சரியாகத் தெரியாத புதுக் குடியேறிகளின் கவனக்குறைவான ஈய வேலையால் ஆரம்பத்தில் சில பெட்டிகள் தடங்கல் செய்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அது சரிசெய்யப்பட்டது.”

ஆண்டு சரி. குளிர்காலம் என்பதும் சரி. அடுத்த ஆண்டின் தொடக்கம் என்பதும் சரி. மற்றதெல்லாம் பொய்.

“புதுக் குடியேறிகள்” என்று பன்மையில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பலர் இருக்கவில்லை. ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் இராசதுரை. ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர் என்கிறார்கள். அவர் இலங்கையில் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியர். கம்பனியின் அறிவித்தல் பலகையில் தொங்கிய கடிதங்களில் எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் திருத்திவிட்டுப் போகிறவர்.

நான் நான்கு பக்கத்தில் பதில் எழுதினேன். அதற்கு வந்த பதில் ஒரு வரி. திகதிகளை உறுதிசெய்ததற்கு நன்றி என்றிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் தந்தித் துறையில் ரெலிபிரின்ரர் பழுதுபார்க்கப் பழகினேன். தட்டச்சு இயந்திரம் போன்ற பெரிய இரும்புச் சாமான் அது. ஒரு ஊரில் தட்டினால் இன்னொரு ஊரில் தானாக அச்சடிக்கும். பகலில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டினேன். இரவில் தபால்வழிப் பாடங்கள் படித்து மின்னணுவியல் சான்றிதழ் எடுத்தேன். 1974இல் மெல்பேர்ண் வந்தேன். ஸ்பிரிங்வேலில் ஒரு அறை எடுத்து, மல்கிரேவில் இருந்த அந்தக் கம்பனியில் சோதனைப் பகுதியில் சேர்ந்தேன். அப்போது மல்கிரேவில் பாதி தொழிற்சாலை, பாதி வெறும் புல்வெளி. தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நாங்கள்தான் பேச வேண்டும்.

நாங்கள் என்பது நானும் இராசதுரையும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ராசண்ணை என்றுதான் கூப்பிடுவேன். குறுகிய கால விசாவில் வந்து, விசா முடிந்தபின் தங்கிவிட்டவர். 1976இன் தொடக்கத்தில், அப்படித் தங்கியவர்கள் வந்து பதிந்துகொள்ளலாம் என்று அரசு அறிவித்தபோது பதிந்து நிரந்தர உரிமை பெற்றார். மனைவி மங்களமும் இரண்டு பெண்பிள்ளைகளும் இலங்கையில், மலைநாட்டு மாத்தளையில் இருந்தார்கள். மங்களம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவர்களை இங்கே எடுப்பதற்கு இராசதுரை விண்ணப்பம் போட்டிருந்தார். நிலையான வேலை, நல்ல நடத்தை என்று வேலை தருபவர் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் காலையில் எழும்புவதும் மேலதிக நேரம் வேலை செய்வதும் அந்த ஒரு கடிதத்துக்காகத்தான்.

கம்பனியில் அவருக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை. சுற்றுப்பலகையில் ஒவ்வொரு பாகத்தின் காலையும் துளைக்குள் விட்டு, சூடாக்கி, ஈயம் ஓடவிட்டு எடுக்க வேண்டும். ஆசிரியர் கையெழுத்துப்போல அவருடைய மூட்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு சிறு முத்திரை உண்டு. செய்து முடித்த பலகையின் மூலையில் அதைக் குத்த வேண்டும். இந்த முத்திரை வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் கீத்தான்.

கீத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கதிரையில் அமர்ந்து நான் கண்டதில்லை; எப்போதும் நின்றபடி, சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, பச்சைப் பென்சிலைக் காதில் செருகி, வரைபடத்தின் மேல் குனிந்திருப்பார். தேவையற்றது என்று அவருக்குத் தோன்றும் பாகத்தை அந்தப் பச்சைப் பென்சிலால் ஒரே கோட்டில் அடிப்பார். ஒரு பாகத்தை அடித்தபின் சின்னதாக ஒரு சீட்டி. “போடாத பாகம் பழுதாகாது” என்பார். எல்லோரையும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எல்லோரும் தன்னை அப்படிக் கூப்பிட வேண்டும் என்பார். கொழும்பில் மேலதிகாரி அறைக்கு வெளியே நின்று பழகிய எனக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. மழை நாட்களில் என்னைத் தன் காரில் ஸ்பிரிங்வேல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அதையும் எழுதத்தான் வேண்டும். இவர் இராட்சதன் என்று நினைத்துக்கொண்டு வாசித்தால் நடந்தது விளங்காது.

இனிப் பெட்டி.

அந்தக் காலத்தில் புதிய மின்னணு விசைப்பலகைகள் வரத் தொடங்கியிருந்தன. அவை ஒரே ஒரு மின்வழங்கலில் ஓடுபவை. சைகை இல்லை என்றால் பூச்சியம் வோல்ற், உண்டு என்றால் ஐந்து வோல்ற். அதற்குக் கீழே அவற்றுக்கு உலகம் இல்லை. பழைய ரெலிபிரின்ரரோ வேறு வகை. அதன் வாசலில் ரிலே என்ற மின்காந்த ஆளி ஒன்று, அதற்குள் ஒரு சிறு நாக்கு. நேர் வோல்ற் வந்தால் நாக்கு ஒரு பக்கம் சாயும். மறை வோல்ற் வந்தால் மறுபக்கம் சாயும். பூச்சியம் வந்தால் கடைசியாக எங்கே சாய்ந்ததோ அங்கேயே கிடக்கும். ஆகவே பூச்சியத்துக்கும் ஐந்துக்கும் இடையில் ஓடும் சைகையை, நேருக்கும் மறைக்கும் இடையில் ஓடும் சைகையாக மாற்ற ஒரு பெட்டி தேவை. நாட்டுப்புறத்து அம்புலன்ஸ் நிலையங்களை நடத்திய ஓர் அமைப்பு அப்படிப்பட்ட பெட்டிகளை எங்களிடம் கேட்டது. தலைமை நிலையத்தில் புதிய விசைப்பலகை, ஊர்களில் பழைய ரெலிபிரின்ரர், இடையில் எங்கள் பெட்டி.

இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. பெட்டிக்குள் பூச்சியத்துக்கு மேலே ஒரு மின்வழங்கல், கீழே ஒரு மின்வழங்கல் என்று இரண்டு கட்ட வேண்டும். சைகை சொன்னபடி இரண்டு திரான்சிஸ்டர்கள் மாறிமாறிக் கம்பியை மேலேயோ கீழேயோ இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு நேரம் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கும்.

கீத் கண்ட வழி வேறு. மறை வழங்கல் வேண்டாம். சைகையை இருபத்துநான்கு வோல்ற்றுக்குப் பெருக்கி, ஒரே ஒரு கப்பாசிற்றர் ஊடாக வெளியே அனுப்பினால் போதும். பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று நாங்கள் படித்த அதே சாமான்தான். கப்பாசிற்றர் மாற்றத்தை மட்டும் கடத்தும். நிலையாக நிற்பதைக் கடத்தாது. உள்ளே சைகை சமமாக ஏறி இறங்கினால், வெளியே அது பூச்சியத்துக்கு மேல் பன்னிரண்டு, கீழ் பன்னிரண்டு என்று அழகாக ஆடும். மறை வோல்ற் சும்மா கிடைத்ததுபோல இருக்கும். கீத்தின் பச்சைப் பென்சில் எத்தனை பாகங்களை அடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சமமாக ஏறி இறங்கினால் மட்டும்தான்.

எங்கள் சோதனை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ரெலிபிரின்ரர்காரர்கள் உலகம் முழுவதும் ஒரே மாதிரித்தான் சோதிப்பார்கள். R, Y என்ற இரண்டு எழுத்துகளை மாறிமாறி வரி வரியாக அனுப்புவார்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரான துடிப்புகளால் ஆனவை. மேல் கீழ், மேல் கீழ் என்று ஓயாமல் ஆடும். இயந்திரத்துக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இரும்புக்கு அது உண்மை. இன்னொரு வழக்கமும் இருந்தது. தொடங்கும்போது மோட்டார் வேகம் பிடிக்கும்வரை முதல் சில எழுத்துகள் குழம்பி வரும். ஆகவே முதல் வரியைக் கிழித்து எறிந்துவிட்டு இரண்டாம் வரியிலிருந்து பார்ப்போம். கொழும்பில் அப்படித்தான் செய்தோம். மல்கிரேவிலும் அப்படித்தான்.

கீத்தின் பெட்டி அந்தச் சோதனையில் ஒரு பிழையும் விடவில்லை. அதைவிட ஆட்டமான சைகை உலகத்தில் இல்லை. பிழை வந்த ஒரே இடம் முதல் வரி. அது குப்பைக்கூடையில் கிடந்தது.

அம்புலன்ஸ் வேலை அவசரமானது, கவனமாகச் செய்ய வேண்டியது என்று சொல்லி, அத்தனை பலகைகளையும் கீத் இராசதுரையிடமே கொடுத்தார். “உன்னுடைய கைதான் இங்கே சுத்தமான கை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் இராசதுரையின் முத்திரை விழுந்தது.

பெட்டிகள் யூலையில், இங்கே நடுக்குளிர் காலத்தில், போயின. ஓகஸ்ட் மாதமே முறைப்பாடுகள் வந்தன. சில செய்திகள் குழம்பி வருகின்றன, சில நல்லாக வருகின்றன என்றார்கள். எங்கள் ஆள் காரில் போவார். R, Y அனுப்புவார். முதல் வரியைக் கிழிப்பார். எல்லாம் சரியாக இருக்கும். திரும்பி வருவார். மறுவாரம் மீண்டும் முறைப்பாடு. ஒருமுறை வந்து ஒருமுறை வராத பழுதுக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் தயாராக இருக்கும்: டிரை ஜொயின்ற். ஈயம் பிடித்ததுபோலத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. பெட்டிகளைத் திருப்பி எடுத்தார்கள். எல்லா மூட்டுக்கும் மீண்டும் ஈயம் வைத்தார்கள். சோதித்தார்கள், சரியாக இருந்தது. ஈயம் வைத்தபின் சரியாகிறது, ஆகவே பழுது ஈயத்தில்தான் என்று எழுதினார்கள். ஈயம் வைக்காமல் சோதித்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு கிப்ஸ்லாண்ட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அந்தச் சம்பவம் நடந்தது. செப்டெம்பர் மாதம். செய்தியில் முதலில் வருவது வீட்டு இலக்கம். வீதியின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. இலக்கம் இருந்த இடத்தில் ஏதோ கலந்த எழுத்துகள். நீண்ட பண்ணை வீதி அது. அம்புலன்ஸ் தவறான பக்கம் போய், வீடு வீடாகக் கேட்டுத் திரும்பி வந்தது. நெஞ்சுவலிக்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அமைப்பு கம்பனிக்குக் கடுமையாக எழுதியது. கூட்டம் வைப்பதாக அறிவித்தது. அந்தக் கூட்டத்துக்குப் போகும்முன் கம்பனிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, காரணத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. முத்திரையைப் பார்த்தார்கள். எல்லாப் பலகையிலும் ஒரே ஆள்.

கன்ரீனில் என் முன்னால் வந்து அமர்ந்தபோது இராசதுரை சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“சிவம், என்ரை கை ஊத்தையாம். அண்டைக்குச் சுத்தம் எண்டவங்கள்.”

என்ன நடந்தது என்று கேட்டேன். ஒக்ரோபர் முடிவோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். காரணம், கவனக்குறைவான வேலை.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?”

“சொன்னனான். பிழையான மூட்டு ஒண்டைக் காட்டுங்கோ, இப்பவே போறன் எண்டனான். மூட்டைப் பாக்கேல்லை. என்னைப் பாத்தாங்கள்.” தேநீரைக் குடித்தார். “வேலை போனது பெரிசில்லை ஐசே. டண்டினோங்கிலை கார் செய்யிற இடத்திலை நாளைக்கே எடுப்பாங்கள். குடிவரவுக் கந்தோருக்கு என்னெண்டு எழுதப்போறாங்கள், அதைச் சொல்லும்.”

அவர் நின்றுவிட்டபின் நான் பழுதைத் தேடத் தொடங்கினேன். பெட்டி ஒன்றைத் திறந்து அவருடைய மூட்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு குறை இல்லை. அப்போது கண்ணில் பட்டது வேறு ஒன்று. ரான்ஸ்போமரில் இருந்து வரும் கம்பிகளில் இரண்டு எதிலும் இணைக்கப்படாமல் வெட்டி, உறை போட்டு மடித்து விடப்பட்டிருந்தன. அளந்து பார்த்தேன். மறை வழங்கல் ஒன்று கட்டுவதற்கு வேண்டிய சுற்று அது. ரான்ஸ்போமரைச் செய்விக்கும்போது யாரோ நேர்மையான வழியைத்தான் நினைத்திருக்கிறார்கள். பிறகு பச்சைப் பென்சில் வந்திருக்கிறது.

அப்படியும் எனக்கு முழுவதும் பிடிபடவில்லை. கிப்ஸ்லாண்ட் நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் தலைமை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மொறீன் என்ற பெண் எடுத்தார். நீண்ட நாளாகத் தட்டுபவர். உங்கள் செய்திகள் எப்படிப் போகின்றன என்று கேட்டேன்.

“என்னுடையவை நல்லாகத்தான் போகின்றன, அன்பே. நான் முதலில் கொஞ்சம் கண்டதையும் தட்டிவிட்டுத்தான் செய்தியைத் தொடங்குவேன். உங்கள் பெட்டிக்குக் காலையில் எழும்பப் பஞ்சி, சரியான சோம்பேறி.”

அந்தச் சம்பவம் நடந்த நாளில் யார் தட்டியது என்று கேட்டேன். தான் விடுமுறையில் நின்றதாகவும், மாற்றாள் ஒருத்தி வந்ததாகவும் சொன்னார். “அவளுக்கு இது தெரியாது, பாவம். நான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.”

தொலைபேசியை வைத்ததும் எனக்கு முழுவதும் விளங்கியது. கம்பி நெடுநேரம் சும்மா கிடந்தால் கப்பாசிற்றர் பூச்சியத்துக்கு வந்து உறைந்துவிடும். முதல் துடிப்பு முழு வேகத்தில் மேலே போகும்; நாக்கு சாயும். அது திரும்பி வரும்போது பூச்சியத்துக்கோ அதற்குக் கொஞ்சம் கீழேயோதான் வரும். நாக்கு மறுபக்கம் சாய அது போதாது, சாய்ந்தபடியே கிடக்கும். சில எழுத்துகள் போனபின்தான் நடு இடம் மெல்ல நகர்ந்து, மேலும் கீழும் சமமாகும். அதுவரை வருவதெல்லாம் குப்பை. எங்கள் சோதனையில் கிழித்து எறிந்த முதல் வரி, அங்கே ஒரு மனிதனின் வீட்டு இலக்கம். மொறீனுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அவர் கண்டதையும் தட்டியபோது எங்களைவிட நல்ல சோதனை செய்திருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் காலைத் தேநீர் இடைவேளைக்கு முன் பெட்டியையும் ரெலிபிரின்ரரையும் பொருத்தி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு எழுத்தும் அனுப்பாமல் விட்டேன். மோட்டார் மேல் பழி போட இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காக அதை ஓடவிட்டேன். இடைவேளை முடிந்ததும் கீத்தைக் கூட்டிவந்தேன். சோதனைப் பகுதி மேற்பார்வையாளர் டெஸ் என்ற கிழவரும் கூடவே வந்தார். விரும்பியதைத் தட்டுங்கள் என்று கீத்திடம் விசைப்பலகையைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே தன் பெயரையும், அதன்பின் அன்றைய திகதியையும் தட்டினார். தாளில் திகதி சுத்தமாக வந்தது. பெயர் இருந்த இடத்தில் ஏதேதோ எழுத்துகள்.

டெஸ் குனிந்து பார்த்தார். “உன்னையே தின்றுவிட்டது, கீத்” என்றார்.

கீத் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பவும் செருகினார். டெஸ்ஸைத் தேநீர்க் கோப்பையோடு வெளியே போகச் சொன்னார். பிறகு என்னிடம், “நல்ல வேலை, சிவா” என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இல்லை. நான் விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே தலையை ஆட்டினார்.

“தெரியும். தொடக்கத்தில் சில எழுத்துகள் போகும் என்று வரையும்போதே தெரியும். ரெலிபிரின்ரரில் எப்போதும் போவதுதானே. அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள் என்று நினைத்தேன்.”

வரையும்போதே தெரியும். முறைப்பாடு வந்தபோது தெரியும். திருப்பி எடுத்த பெட்டிகளுக்கு மீண்டும் ஈயம் வைக்கச் சொன்னபோது தெரியும். இராசதுரையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியபோது தெரியும். இந்த இடத்தை எழுதும்போது இன்றைக்கும் எனக்குப் பேனா தாளைக் கிழிக்கிறது.

அப்படியென்றால் இராசதுரை என்று கேட்டேன்.

சின்னதாக ஒரு சீட்டி. “அது அலுவலகத்தின் விஷயம், மேட்.”

“பழுது ஈயத்தில் இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். அவருடைய குடும்பம் வருவது அதில் இருக்கிறது.”

“அந்த ஒரு வரியை நான் எழுதினால், அதன் பின்னால் நிறைய வரிகள் எழுத வேண்டிவரும்.” குரல் வழக்கம்போல மென்மையாகவே இருந்தது. “அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாமே. நல்ல மனிதர். அவருக்கு ஒன்றும் குறையாது. நீர் பெட்டிக்குத் திருத்தம் வரைந்து கொண்டுவாரும்.”

திருத்தத்தை நான்தான் வரைந்தேன். அந்த ஊர்களில் ஆட்கள் நெஞ்சுவலியோடு கிடக்கும்போது நான் கோபித்துக்கொண்டு இருக்க முடியாது. மடித்து விட்டிருந்த இரண்டு கம்பிகளையும் விரித்து, மறை வழங்கல் கட்டி, இரண்டு திரான்சிஸ்டர்கள் வைத்து, கப்பாசிற்றரை எடுத்து எறிந்தேன். வரைபடத்தைப் பார்த்த கீத் ஒரு பாகத்தையும் அடிக்கவில்லை. 1977 பெப்ரவரிக்குள் எல்லாப் பெட்டிகளும் மாற்றப்பட்டன. அந்த அமைப்புக்கு அனுப்பிய கடிதத்தில், ஈய வேலைக் குறைகள் முன்பே நீக்கப்பட்டதாகவும், இது நல்லெண்ணத்தின் பேரில் இலவசமாகச் செய்யும் மேம்பாடு என்றும் கம்பனி எழுதியது. பெட்டி திருந்தியது. பழி அப்படியே கிடந்தது. பிழை தன்னுடையது என்று ஒரு தாளில் எழுதினால் வழக்கு வரும் என்று கம்பனி பயந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு மனிதரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தது.

நான் குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். நடந்ததை எழுத்தில் கொடுத்தேன். நீர் அவருக்கு வேலை கொடுத்தவரா என்று கேட்டார்கள். கூட வேலை செய்தவன் என்றேன். வேலை கொடுத்தவரின் அறிக்கைதான் கோப்பில் இருக்கும் என்று சொல்லி என் தாளை வாங்கி ஒரு தட்டில் வைத்தார்கள். இராசதுரையிடம் இதைச் சொன்னேன். டண்டினோங்கில் இரவுமுறை வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் அமர்ந்திருந்தார்.

“நீர் ஏன் போனனீர்?” என்றார். “இனி உம்மையும் எழுதிவைப்பாங்கள்.” பிறகு சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி, “மங்களம் பெட்டி கட்டிப்போட்டாள் எண்டு எழுதியிருக்கிறாள். எப்ப எண்டு கேக்கிறாள். நான் என்னத்தை எழுத?” என்றார்.

விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்ற பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்தது. அதே காலத்தில் அவரோடு சேர்ந்து பதிந்த வேறு இரண்டு பேருடைய குடும்பங்கள் 1977 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்து இறங்கின. இரண்டுக்கும் நான் விமான நிலையம் போயிருந்தேன். இராசதுரையும் வந்தார். மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார். யூன் மாதம் நான் அந்தக் கம்பனியை விட்டு விலகினேன். கீத் கை கொடுத்தார். நல்ல சான்றுக் கடிதமும் தந்தார். அவருக்கு அப்படி எழுதத் தெரியும் என்பதை அந்தக் கடிதத்தில்தான் கண்டேன்.

1977 ஓகஸ்டில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது. அதைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்தளையில் மங்களம் இருந்த வீட்டை எரித்தார்கள். அவருடைய தகப்பனார் அடிபட்டார். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் அங்கேயே இறந்தார். மங்களமும் பிள்ளைகளும் கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்குப் போனார்கள். இராசதுரைக்கு வாரக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. நான் இரவுகளில் துணைக்கு அவருடைய அறையில் போய்ப் படுத்தேன். அவர் இரவில் சமைப்பார், சாப்பிடமாட்டார்.

1978 மார்ச்சில் அவர்கள் மெல்பேர்ண் வந்தார்கள். முதல் ஞாயிறு நான் போனபோது மங்களம் அக்கா குசினியிலிருந்து வந்து, நீங்கள்தானே கந்தோருக்குப் போய்க் கதைச்சது என்று கேட்டார். ஓம் என்றேன்.

“போன வருசம் மாசி மாசமே பெட்டி கட்டி வைச்சிருந்தனாங்கள், சிவம். பிள்ளையளுக்குக் குளிர்ச் சட்டைகூடத் தைச்சு வைச்சனான். பெட்டி அப்பிடியே எரிஞ்சுது.” அழவில்லை. கணவரைப் பார்த்தார். “இவர் ஏன் பிந்தினது எண்டு சொல்லுறாரே இல்லை. அங்கை என்ன நடந்தது?”

இராசதுரை தேநீரை என் பக்கம் தள்ளினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்து, கந்தோர்ப் பிந்தல் அக்கா என்று சொன்னேன். இராசதுரை அதற்குப் பிறகு சிட்னிக்குப் போய், டூங்கபியில் வீடு வாங்கி, மீண்டும் ஆங்கிலம் படிப்பித்து, 2004இல் காலமானார். கடைசிவரை அந்த முத்திரையைப் பற்றி மனைவியிடம் அவர் பேசவில்லை. மங்களம் அக்காவும் இப்போது இல்லை. ஆகவே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

திகதி பார்க்கிறவன் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பனி குடிவரவுக் கந்தோருக்கு எழுதிய அறிக்கையை நான் கண்டதில்லை. “கவனக்குறைவான வேலை” என்ற சொற்கள் அதில் இருந்தனவா, அந்தச் சொற்களால்தான் விண்ணப்பம் 1977 ஏப்ரலிலிருந்து அடுத்த மார்ச் வரை பிந்தியதா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. இராசதுரையின் மூத்த மகள் கேட்டபடி இந்த ஆண்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறோம். அவருடைய பெயரில் ஒரு கோப்பு இருப்பதாகவும், அது இன்னும் பொதுப் பார்வைக்குத் திறக்கப்படவில்லை என்றும் பதில் வந்திருக்கிறது. அதற்குமேல் நான் எதையும் உறுதிப்படுத்தவில்லை.